நோயின் நாட்காட்டியும் அலுவலகத்தின் நாட்காட்டியும்

பிரான்ஸில் சென்-கால்மியே என்றொரு சிற்றூர். மண்ணுக்கடியிலிருந்து குமிழியிட்டு வரும் நீரைப் புட்டிகளில் அடைத்து ‘பதுவா’ என்ற பெயரில் விற்கும் ஆலை அங்கே இருக்கிறது. அந்த ஆலைத் தொழிலாளி ஒருவரின் மகன் மாத்தீஸுக்குக் கல்லீரலில் புற்றுநோய் வந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைந்ததில் தந்தையின் விடுப்பு நாட்கள் எல்லாம் தீர்ந்துபோயின. கூட வேலை செய்தவர்கள் ஆளுக்குச் சில நாட்களாகத் தங்கள் விடுப்பை விட்டுக்கொடுத்தார்கள். மொத்தம் 170 நாட்கள் சேர்ந்தன. நிர்வாகமும் ஒப்புக்கொண்டது. 2009 டிசம்பர் 31 அன்று மாத்தீஸ் இறந்தான். அதுவரை அவன் கட்டிலருகே அப்பா இருந்தார். இந்த வாய்ப்பு எல்லாப் பெற்றோருக்கும் கிடைக்க வேண்டும் என்று அந்தக் குடும்பம் ஊர் ஊராகக் கேட்டது. 2014 மே 9 அன்று அது சட்டமானது. கடும் நோயுற்ற குழந்தையின் பெற்றோராகிய சக ஊழியருக்கு, பெயர் சொல்லாமலும் பதிலுக்கு எதுவும் பெறாமலும் ஒருவர் தன் விடுப்பைக் கொடுக்கலாம். பிரான்ஸில் அதை ‘மாத்தீஸ் சட்டம்’ என்றே சொல்கிறார்கள்.

வேலைக்குப் போகிறவர்கள் புற்றுநோயாளிகளுக்கு என்ன செய்கிறார்கள், அதில் எது நோயாளியின் கைக்குப் போய்ச் சேர்கிறது என்று சில ஆண்டுகளாகத் தேடிப் படித்து வருகிறேன். எத்தனையோ பெரிய நன்கொடைகளைப் பற்றிப் படித்த பிறகும் மனம் இந்த 170 நாட்களிடமே திரும்பிப் போகிறது. அந்த ஆலைக்காரர்கள் அந்த வீட்டில் எதற்குத் தட்டுப்பாடு என்று பார்த்தார்கள். நாட்களுக்குத்தான் தட்டுப்பாடு. அதையே கொடுத்தார்கள்.

புற்றுநோய் நீண்ட நோய். குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோய் வகைக்குச் சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நடக்கும். மார்பகப் புற்றுக்கு அறுவை முடிந்த பிறகும் பலர் ஐந்திலிருந்து பத்து ஆண்டுகள் தினமும் மாத்திரை விழுங்க வேண்டும். நம் ஊரில் ‘கரண்ட் வைக்கிறது’ என்று சொல்லும் கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் பெரும்பாலும் வாரத்தில் ஐந்து நாள், அப்படியே ஐந்து, ஆறு, ஏழு வாரங்கள் போய்வர வேண்டும். அலுவலகத்தின் நாட்காட்டி இதற்குச் சம்பந்தமே இல்லாமல் ஓடுகிறது. பிப்ரவரி 4 உலகப் புற்றுநோய் நாள். அக்டோபர் இளஞ்சிவப்பு ரிப்பன் மாதம். மார்ச் 31க்குள் கணக்கு முடிக்க வேண்டும். ஊழியர்களின் நல்ல மனம் பெரும்பாலும் இந்த நாட்களில்தான் வெளியே வருகிறது. நோயாளிக்கோ பிப்ரவரி 5ஆம் தேதியும் கீமோ இருக்கிறது. இந்த இரண்டு நாட்காட்டிகளும் எங்கே ஒன்று சேர்ந்தனவோ அங்கே உதவி பயன்பட்டிருக்கிறது என்பதுதான் நான் படித்தவற்றிலிருந்து எனக்குக் கிடைத்த முடிவு.

முதலில் நோயின் அளவு. 2022இல் உலகில் ஏறத்தாழ 2 கோடிப் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டதாகவும் 97 லட்சம் பேர் இறந்ததாகவும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டது. இந்தியாவின் பங்கு 14 லட்சம் புதிய நோயாளிகள், 9 லட்சத்துக்கு மேல் இறப்புகள். குழந்தைகளும் பதின்பருவத்தினரும் மட்டும் ஆண்டுக்கு நான்கு லட்சம் பேர். பணக்கார நாடுகளில் அவர்களில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் குணமாகிறார்கள். ஏழை நாடுகளில் பல இடங்களில் முப்பது பேர்கூடத் தேறுவதில்லை. நோயைத் தாமதமாகக் கண்டுபிடிப்பது, தவறாகக் கண்டுபிடிப்பது, மருந்து கிடைக்காதது ஆகியவற்றோடு இன்னொரு காரணத்தையும் மருத்துவர்கள் சொல்கிறார்கள்: சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடுவது. பெற்றோருக்கு அக்கறை இல்லாமல் இது நடப்பதில்லை. பஸ் காசு இல்லை, தங்க இடம் இல்லை, வீட்டில் இன்னொரு பிள்ளை பசியோடு இருக்கிறது, கூலி வேலை போய்விட்டது. மருத்துவரால் தீர்க்க முடியாத இந்தக் காரணங்களை, மாதச் சம்பளம் வாங்குகிற சாதாரண மனிதர்களால் தீர்க்க முடியும்.

வேலையில் இருந்துகொண்டே இதைத் தொடங்கியவர்களுக்கு வரலாற்றில் குறைவில்லை. இங்கிலாந்தில் 1911இல் புற்றுநோயாளிகளுக்கான சங்கத்தைத் தொடங்கிய டக்ளஸ் மாக்மில்லன் வேளாண்மைத் துறையில் வேலை பார்த்த அரசு ஊழியர். தந்தை புற்றுநோயில் படாத பாடு பட்டு இறந்ததைப் பார்த்தவர். அந்தச் சங்கம்தான் இன்றைய மாக்மில்லன் புற்றுநோய் உதவி அமைப்பு. 1990 முதல் அது நடத்தும் ‘காபிக் காலை’க்காக ஆண்டுதோறும் பிரிட்டனின் அலுவலகங்களில் கேக் சுட்டுக் கொண்டுவந்து விற்றுப் பணம் சேர்க்கிறார்கள். நம் பக்கத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவருடைய விடாமுயற்சியால் இந்திய மாதர் சங்கம் ஊரெல்லாம் நிதி சேர்த்து 1954இல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் அடுத்த ஆண்டு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் ஆயுள் முழுவதையும் அங்கேயே கழித்தார்கள். சாந்தா 2021 ஜனவரியில் இறக்கும்வரை அந்த வளாகமே அவருக்கு வீடு. மும்பையில் டாடா மெமோரியல் 1941இல் ஓர் அறக்கட்டளையின் பணத்தில் எழுந்தது. பிறகு அரசு அதை ஏற்று, 1962இல் அணுசக்தித் துறையிடம் ஒப்படைத்தது. தனியார் ஈகை தொடங்கிவைத்ததை அரசு ஏற்று நடத்தும் இந்த வழி நல்ல வழி என்று நினைக்கிறேன். எவ்வளவு பெரிய வள்ளலாலும் இத்தனை லட்சம் பேருக்குத் தலைமுறை தலைமுறையாகச் செலவு செய்ய முடியாது.

*

பணத்தை முதலில் பார்த்துவிடலாம். ஊழியர் கொடுக்கும் தொகைக்குச் சமமாக நிறுவனமும் கொடுக்கும் முறையை அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் 1954இல் தொடங்கியது. சம்பளத்திலேயே நன்கொடையைப் பிடித்து அறநிறுவனத்துக்கு அனுப்பும் முறைக்குப் பிரிட்டன் 1987இல் வழி செய்தது. இந்தியாவில் 2000இல் உருவான கிவ் இந்தியா போன்ற அமைப்புகள் வழியாக அதே முறை இங்கும் வந்தது. என் பார்வையில் ஊழியர் ஈகையில் மிக உபயோகமானது இந்த மாதப் பிடித்தம்தான். ஆயிரம் பேர் மாதம் இருநூறு ரூபாய் கொடுத்தால் மாதம் இரண்டு லட்சம். அது அடுத்த மாதமும் வரும், அதற்கடுத்த மாதமும் வரும் என்று தெரிந்தால், நோயாளிகள் தங்கும் வீட்டுக்கு வாடகை ஒப்பந்தம் போடலாம், ஒரு சமூகப் பணியாளருக்கு வேலை கொடுக்கலாம். டிசம்பரில் ஒரே தடவையாக வரும் இருபத்து நான்கு லட்சத்தை வைத்துக் கருவி வாங்கலாம், திறப்பு விழா நடத்தலாம். வாடகை ஒப்பந்தம் போடப் பயமாக இருக்கும். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. ஊழியரைக் கேட்காமல் ‘வேண்டாம் என்பவர்கள் எழுதித் தரவும்’ என்று சுற்றறிக்கை விட்டுப் பிடிப்பதை நான் ஈகையாக எண்ணவில்லை. மேலாளரின் முகத்துக்காகக் கொடுப்பவர் வேலை மாறும் நாளில் நிறுத்திவிடுவார்.

நிறுவனப் பணம் வேறு கணக்கு. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, 500 கோடி நிகர மதிப்போ 1,000 கோடி விற்றுமுதலோ 5 கோடி நிகர லாபமோ உள்ள நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2020-21 முதல் இப்படிச் செலவாகும் தொகை நாடு முழுவதும் ஆண்டுக்கு 26,000 கோடி ரூபாய்க்கு மேல். இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. ஊழியர்கள் தொண்டு செய்த மணிநேரத்துக்கு விலை போட்டு அதையும் இந்த 2 சதவீதத்தில் சேர்த்துக்கொள்ள முடியாது என்று அமைச்சகம் 2021இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஊழியரின் நேரம் அவருடைய கொடை. அதை நிறுவனம் தன் கணக்கில் எழுதிக்கொள்ள விடாமல் தடுத்தது நியாயமான காரியம்.

இதே சட்டத்தில் ஒரு குறையும் இருக்கிறது. நிறுவனம் இயங்கும் சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை தரச் சொல்வதால், ஆலையும் தலைமையகமும் இருக்கும் மாநிலங்களுக்கே பணம் ஓடுகிறது. மகாராஷ்டிரம் முதலிடத்தில் நிற்கிறது. ஆனால், நாட்டின் புற்றுநோய்ப் பதிவேடுகளின் 2020 அறிக்கையில் மக்கள்தொகை விகிதப்படி மிக அதிக நோய் காட்டிய இடங்கள் வடகிழக்கில் இருக்கின்றன: ஆண்களில் மிசோரத்தின் ஐஸ்வால், பெண்களில் அருணாசலத்தின் பாபும்பாரே. அங்கே பெரிய தலைமையகங்கள் இல்லை. டாடா அறக்கட்டளைகளும் அசாம் அரசும் கூட்டுச் சேர்ந்து மாவட்டங்களில் கட்டிய ஏழு புற்றுநோய் மருத்துவமனைகள் 2022 ஏப்ரல் 28 அன்று திறக்கப்பட்டன. நோயாளி மும்பைக்கு ரயிலேறுவதற்குப் பதில் மருத்துவமனை திப்ருகருக்கு வந்தது. நிறுவனப் பணத்தைச் செலவிடும் குழுக்கள் பார்த்துப் படிக்க வேண்டிய முயற்சி அது.

மருந்துக் கொடையைப் பற்றிப் பேசினால் கிளீவெக் கதையைச் சொல்லாமல் நகர முடியாது. அதற்கும் சென்னைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. நாட்பட்ட ரத்தப் புற்றுநோய் ஒன்றைத் தினம் ஒரு மாத்திரையால் கட்டுக்குள் வைக்கும் இந்த மருந்துக்கு 2001 மே மாதம் அமெரிக்கா அனுமதி தந்தது. அதுவரை அந்த நோய் வந்தவர்களில் பலர் சில ஆண்டுகளில் இறந்துகொண்டிருந்தார்கள். அதே நோயில் மகனை இழந்த அர்ஜென்டினக் குடும்பம் ஒன்று அமெரிக்காவில் 1997இல் மாக்ஸ் அறக்கட்டளையைத் தொடங்கியிருந்தது. மருந்தைத் தயாரித்த நோவார்டிஸ் அந்த அறக்கட்டளையோடு சேர்ந்து, வாங்க முடியாதவர்களுக்கு இலவசமாகத் தரும் திட்டத்தைத் தொடங்கியது. அது எண்பது நாடுகள் வரை போனது. இந்தியாவில் ஆயிரக்கணக்கானோர் அந்த மாத்திரையால் உயிரோடு இருக்கிறார்கள். இது மறுக்க முடியாத நன்மை.

ஆனால், அந்த மருந்தின் விலை இந்தியாவில் மாதம் ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் அளவில் இருந்தது. இந்திய நிறுவனங்கள் தயாரித்த அதே மருந்து பத்தாயிரத்துக்குள் கிடைத்தது. நோவார்டிஸின் காப்புரிமை விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் தள்ளுபடி செய்தது. விண்ணப்பத்தை எதிர்த்தவர்களில் மும்பையின் புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும் ஒன்று. 1969 முதல் ஏழை நோயாளிகளுக்கு மருந்து வாங்கிக் கொடுத்துவரும் தொண்டு அமைப்பு அது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போய், 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றத்தில் நோவார்டிஸுக்கு எதிராக முடிந்தது. மருந்தை இலவசமாகத்தானே பெரும்பாலோருக்குக் கொடுக்கிறோம் என்று நிறுவனம் தன் பக்கத்தைச் சொன்னது. சங்கம் அதில் மயங்கவில்லை. இலவசமாகக் கொடுப்பவர் என்றைக்கும் கொடுப்பார் என்று உறுதி கிடையாது. விலை குறைந்தால் அது எல்லாருக்கும் குறைந்தது. நாடெங்கும் உள்ள புற்றுநோய் மருத்துவமனைகளை இணைத்து 2012இல் உருவான தேசியப் புற்றுநோய்க் கட்டமைப்பு, 40 மருந்துகளைக் கூட்டாகக் கொள்முதல் செய்து எண்பது சதவீதத்துக்கு மேல் மிச்சம் பிடித்தது இதன் அடுத்த கட்டம். கொள்முதலிலும் ஒப்பந்தப் பேச்சிலும் தேர்ந்தவர்கள் நம் நிறுவனங்களில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஒரு சிறிய அறநிலைய மருத்துவமனையின் மருந்துக் கொள்முதலை வாரம் இரண்டு மணிநேரம் உட்கார்ந்து சீர்செய்து தருகிற ஊழியர், ஒரு நாள் போய்ச் சுவருக்கு வண்ணம் அடிக்கிற முப்பது பேரைவிட அதிகம் செய்துவிடுவார்.

*

இலங்கையில் நடந்த ஒன்றை நான் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். போர் முடிந்த காலத்தில் வடக்கில் புற்றுநோய் வந்தால் கொழும்புக்குப் பக்கத்திலுள்ள மகரகம மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து அது நானூறு கிலோமீட்டர். கதிர்வீச்சுக்கு ஆறு வாரம் என்றால் ஆறு வாரமும் அங்கே யாரோ ஒருவர் வீட்டில் ஒண்ட வேண்டும், மொழியும் பிடிபடாது. ஆடை ஏற்றுமதி நிறுவனமான மாஸ் ஹோல்டிங்ஸில் உயர் பொறுப்பிலிருந்த நேதன் சிவகணநாதனும் சரிந்த உணம்புவேயும் நாட்டின் தென்கோடியான தெய்வேந்திரமுனையிலிருந்து வடகோடியான பருத்தித்துறை வரை நடப்பது என்று முடிவு செய்தார்கள். 2011 ஜூலையில் ஏறத்தாழ 670 கிலோமீட்டரை நான்கு வாரங்களில் நடந்தார்கள். உடன் வேலை செய்பவர்கள், ஆலைத் தொழிலாளர்கள், வழியோர ஊர்க்காரர்கள் என்று சேர்ந்துகொண்டே போனார்கள். தெற்கே இருந்த சிங்களக் கிராமங்களில் உண்டியலில் விழுந்த நாணயம், வடக்கே ஒரு தமிழ்த் தாயின் சிகிச்சைக்காகச் சேர்ந்தது. இருபது லட்சம் டாலருக்கு மேல் திரண்ட அந்தப் பணத்தில் தெல்லிப்பளையில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. ஐந்து ஆண்டு கழித்து, 2016இல், அதே பாதையைத் திருப்பி நடந்தார்கள். பருத்தித்துறையில் தொடங்கித் தெய்வேந்திரமுனையில் முடித்தார்கள். இம்முறை காலியில் கராப்பிட்டிய மருத்துவமனைக்காக. பதினாறு வயதுத் தம்பியை மூளைக் கட்டியில் இழந்த கிரிக்கெட் வீரர் மஹேல ஜயவர்தனவும் கூட வந்தார்.

நடைப்பயணங்கள் உலகெங்கும் நடக்கின்றன. அமெரிக்காவில் 1985இல் டகோமா நகரத்து அறுவை மருத்துவர் கோர்டி கிளாட் ஒரு மைதானத்தை 24 மணிநேரம் சுற்றிவந்து 27,000 டாலர் சேர்த்ததிலிருந்து ‘ரிலே ஃபார் லைஃப்’ பிறந்தது. கனடாவில் 1980இல் ஒரு செயற்கைக் காலோடு 143 நாட்கள் 5,373 கிலோமீட்டர் ஓடிய டெர்ரி ஃபாக்ஸ், தன் ஓட்டத்தை எந்த நிறுவனமும் விளம்பரமாக்கிக்கொள்ள இடம் தரவில்லை. அவர் பெயரில் நடக்கும் ஓட்டங்கள் இன்றும் அதைக் காக்கின்றன. சென்னையில் ஐ.ஐ.டி. வளாகத்தில் நடக்கும் ஓட்டத்துக்கு அலுவலகக் குழுக்கள் வருகின்றன. தெல்லிப்பளை நடை எனக்கு இவற்றிலெல்லாம் உயர்வாகத் தோன்றக் காரணம், எந்தப் பணம் எந்தச் சுவராக, எந்தப் படுக்கையாக ஆகப்போகிறது என்பது முதல் அடி எடுத்துவைக்கும் முன்பே நடந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. அக்டோபர் மாதத்து இளஞ்சிவப்புப் பொருள்களில் பலவற்றுக்கு அந்தத் தெளிவு கிடையாது. ரிப்பன் ஒட்டிய பொருளின் விலையில் எத்தனை காசு எங்கே போகிறது என்று கேட்கும் இயக்கம் அமெரிக்கப் பெண்களிடையே 2002லேயே தொடங்கிவிட்டது. அந்தக் கேள்வியை நம் அலுவலகங்களிலும் கேட்கலாம்.

நீண்ட காலத் தொண்டுக்கு இன்னோர் உதாரணம் இத்தாலி. மோன்சா நகரத்துக் குழந்தைப் புற்றுநோய் மருத்துவர் ஜுசெப்பே மசேராவும் அவருடன் வேலை பார்த்தவர்களும் 1986இல் நிகராகுவாவின் மனாகுவா நகரிலுள்ள லா மஸ்கோட்டா மருத்துவமனையோடு கைகோத்தார்கள். ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்ததோடு நிற்கவில்லை. அங்குள்ள மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள், சந்தேகங்களுக்கு ஆண்டுக்கணக்கில் பதில் எழுதினார்கள், குடும்பங்களின் பயணத்துக்கும் சாப்பாட்டுக்கும் வழி செய்தார்கள். இரண்டு மருத்துவமனைகள் சகோதரிகளாகும் இந்த முறை பிறகு பல நாடுகளுக்கு முன்மாதிரியானது.

*

இனி என் சொந்த அனுபவம் ஒன்று. பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த நிறுவனத்திலிருந்து முப்பது பேர் ஒரு பஸ்ஸில் குழந்தைகள் புற்றுநோய் வார்டுக்குப் போனோம். நிறுவனத்தின் பெயர் பொறித்த பனியன், பலூன், கேக், பழக்கூடை, பூங்கொத்து. வாசலிலேயே நர்ஸம்மா தடுத்துவிட்டார். “பூவும் பழமும் உள்ள விடமாட்டோம் சார். இருமல் இருக்கிறவங்க வெளியவே நில்லுங்க.” கீமோ கொடுத்த ஒன்றிரண்டு வாரத்தில் குழந்தையின் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். நமக்குச் சாதாரணச் சளி, அதற்கு உயிர் போகும் காய்ச்சல். பூந்தொட்டி ஈரத்திலும் தோல் சீவாத பழத்திலும் இருக்கும் கிருமியே போதும். இது எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. யாரும் சொல்லித்தரவும் இல்லை. உள்ளே போன ஏழெட்டுப் பேர் குழந்தைகளோடு நின்று படம் எடுத்துக்கொண்டோம். கிளம்பும்போது ஒரு தாய் என்னை நிறுத்தி, “அண்ணா, இந்தத் தாள்ல என்ன எழுதிருக்குன்னு படிச்சுச் சொல்றீங்களா?” என்று ஒரு படிவத்தை நீட்டினார். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கான காகிதம். கீழே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பாதி படித்துச் சொல்லிவிட்டு ஓடிவந்தேன். அந்த மீதிப் பாதி இன்றும் என்னை உறுத்துகிறது.

அந்தத் தாய் கேட்டதற்கு மருத்துவ உலகில் ஒரு பெயர் இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். நியூயார்க்கின் ஹார்லெம் மருத்துவமனையில் அறுவை மருத்துவர் ஹரால்ட் ஃப்ரீமன் 1990இல் நோயாளிக்குக் கூடவே நின்று வழிகாட்டும் ஆட்களை அமர்த்தினார். எந்த அறைக்குப் போவது, எந்தத் தாளில் கையெழுத்து வாங்குவது, பணத்துக்கு எங்கே கேட்பது என்று எல்லாவற்றுக்கும் துணை. இலவசப் பரிசோதனையும் இந்தத் துணையும் சேர்ந்து, அங்கே மார்பகப் புற்றுநோயோடு ஐந்தாண்டு பிழைத்தவர்களின் விகிதத்தை 39இலிருந்து 70 சதவீதத்துக்கு உயர்த்தின. டாடா மெமோரியலில் இத்தகைய துணையாட்களுக்குக் ‘கேவட்’ என்ற பயிற்சி நடக்கிறது. கேவட் என்றால் படகோட்டி, நம் ராமாயணத்துக் குகனைப் போல. படிவம் நிரப்புவது அலுவலகத்தில் இருப்பவர்களுக்குக் கைவந்த கலை. ரயிலில் தூங்கும் வசதி வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசியிலும் சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு முழுக் கட்டணச் சலுகை உண்டு, துணைக்கு வருபவருக்கு முக்கால் பங்கு சலுகை உண்டு. இதைத் தெரியாமல் கடன் வாங்கி டிக்கெட் எடுப்பவர்கள் எத்தனையோ பேர். வாரம் ஒரு சனிக்கிழமை, அதே மருத்துவமனை, அதே மேசை, அதே ஆள். ஓர் ஆண்டு இப்படி வந்தால் அவர் அந்த வார்டுக்கு உறவுக்காரர் ஆகிவிடுவார்.

தங்கும் இடமும் அப்படித்தான். அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 1970இல் சார்ல்ஸ்டன் நகரில் முதல் ‘நம்பிக்கை இல்ல’த்தைத் திறந்தது. மும்பையில் டாடா மெமோரியலுக்கு எதிர் நடைபாதையில் குழந்தையோடு படுத்துக்கிடந்த குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். யூனிலீவரில் வேலை பார்த்த நிஹால் கவிரத்னேயும் அவர் மனைவி சியாமாவும் 2006இல் அங்கே செயின்ட் ஜூட் இந்தியா குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார்கள். குடும்பத்துக்கு ஓர் இடம், பொதுச் சமையலறையில் தனி அடுப்பு, குழந்தைக்குப் படிப்பு, மருத்துவமனைக்கு வண்டி. எல்லாம் இலவசம். சென்னையிலும் வேலூரிலும்கூட இப்போது இல்லங்கள் இருக்கின்றன. சிகிச்சையைப் பாதியில் விட்டுப்போகும் துயரத்துக்கு இதைவிட நேரான மருந்து எனக்குத் தெரியவில்லை.

எத்தனை கோடி கொடுத்தாலும் கடையில் வாங்க முடியாதவையும் உண்டு. தட்டணுக்களை எடுத்துப் பொதுவாக ஐந்து நாட்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊர் காலியாகும்போதும் கீமோ வார்டில் தட்டணு இறங்கிக்கொண்டுதான் இருக்கும். ஆண்டுக்கு ஒரு நாள் முந்நூறு பேர் வரிசையில் நிற்கும் ரத்ததான முகாமைவிட, வாரத்துக்கு மூன்று பேர் என்று முறைவைத்து ஆண்டு முழுவதும் அனுப்பும் அலுவலகம் புற்றுநோய் மருத்துவமனைக்கு அதிகம் உதவும். ஸ்டெம் செல் கொடையும் அப்படி. ரத்தப் புற்றுநோய் சிலவற்றில் வேறொருவரின் ஸ்டெம் செல் தேவைப்படும். உடன்பிறந்தவரோடு முழுதாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மற்றவர்கள் வெளியே தேட வேண்டும். பொருத்தம் மரபுவழியைச் சார்ந்தது என்பதால் டொரண்டோவிலோ கோலாலம்பூரிலோ இருக்கும் தமிழ் நோயாளிக்குப் பொருந்தக்கூடியவர் மதுரையிலோ மட்டக்களப்பிலோ இருக்கலாம். ஜெர்மனியில் 1991இல் தொடங்கிய டி.கே.எம்.எஸ்., சென்னையில் 2009இல் தொடங்கிய தாத்ரி ஆகிய பதிவகங்கள் அலுவலகங்களுக்கு வந்து, கன்னத்தின் உட்புறம் பஞ்சுக் குச்சியால் தடவி மாதிரி எடுக்கின்றன. மதிய இடைவேளையில் ஐந்து நிமிட வேலை.

கடினமான பகுதி பிறகு வருகிறது. சில ஆண்டு கழித்துப் ‘பொருந்துகிறது, வாருங்கள்’ என்று அழைப்பு வரும்போது பலர் பின்வாங்குகிறார்கள். ‘முதுகெலும்புல ஊசி போடுவாங்களாம்’ என்று வீட்டில் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் நடப்பது ஐந்து நாள் ஊசி, பிறகு தட்டணு எடுப்பதுபோலக் கையிலிருந்து சில மணிநேரம் எடுத்தல். ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சைக்கு முன் நோயாளியின் சொந்த மஜ்ஜையை மருந்தால் அழித்துவிடுவார்கள். அந்த நேரத்தில் கொடையாளி மனம் மாறினால் நோயாளியின் உயிருக்கே ஆபத்து. ஆகவே, முகாம் நடத்தும் நிறுவனம் பதிவுக் கணக்கோடு நின்றுவிடக் கூடாது. பதிவுசெய்யும் அன்றே வீட்டாரிடம் பேசச் சொல்ல வேண்டும். அழைப்பு வந்தால் அந்த ஒரு வாரத்துக்குச் சம்பளத்தோடு விடுப்பு என்று எழுதித் தர வேண்டும். இதற்கு மனம் இல்லாத இடத்தில் முகாம் வேண்டாம்.

தூரத்திலுள்ள நோயாளிக்கு இத்தனை செய்கிறவர்கள், பக்கத்து நாற்காலியில் இருப்பவரை மறந்துவிடக் கூடாது. விளம்பர நிறுவனமான பப்ளிசிஸின் தலைவர் ஆர்தர் சதூன் தனக்குப் புற்றுநோய் வந்து சிகிச்சை பெற்றபின், 2023 ஜனவரியில் டாவோஸில் ஓர் உறுதிமொழி இயக்கத்தைத் தொடங்கினார். நோய் வந்த ஊழியரின் வேலையும் சம்பளமும் பறிபோகாது என்று நிறுவனங்கள் எழுதித் தர வேண்டும் என்பது அதன் சாரம். பெரிய நிறுவனங்கள் பல சேர்ந்தன. நம் ஊரில் அந்த உறுதிமொழி நிரந்தர ஊழியரோடு நின்றுவிடும் என்பது என் கவலை. ஒரே கட்டடத்தில் தளம் துடைப்பவர், வாசல் காவலர், உணவகத்தில் பரிமாறுபவர் எல்லாம் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். அவர்களுக்கு இருக்கும் முக்கியப் பாதுகாப்பு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு உரியது அது. இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலையில் இருந்து, போதிய நாட்களுக்குச் சந்தா கட்டப்பட்டிருந்தால், புற்றுநோய் வந்தவருக்கு இலவசச் சிகிச்சையோடு ஏறத்தாழ இரண்டு ஆண்டு வரை சம்பளத்தில் எண்பது சதவீதம் கிடைக்கும். சந்தாவை ஒப்பந்தக்காரர் ஒழுங்காகக் கட்டினாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கட்டவில்லை என்று நோய் வந்த பிறகு தெரிந்து என்ன பயன்?

வாசகர்களில் அலுவலகம் செல்பவர்கள் இருப்பீர்கள். தொண்டு நாளுக்கு இன்னும் பல மாதம் இருக்கலாம். நாளைக் காலையில் உங்கள் தளத்தைத் துடைக்க வரும் அம்மாவிடம் இ.எஸ்.ஐ. எண் கொடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் அன்றைக்கே மேலே எழுதிக் கேளுங்கள், பதில் வரும்வரை விடாதீர்கள்.